அடியெழுத்து

பவளத்துக்கும் சளி உண்டு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். நகைக்கடையில் சிவப்பு மணியாகப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பவளம் ஒரு பிராணி என்பதே புதுச் செய்தி. அது கடலுக்கடியில் பாறை மாதிரி நின்றுகொண்டு உடம்பு முழுக்க வழவழவென்று சளியைப் பூசிக்கொள்ளும், அந்தச் சளிக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தும், அவற்றில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் காபியைக் கீழே வைத்துவிடுவார்.

சின்னவள் நான்கு வருடமாக அந்தச் சளியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அங்கே அவள் சின்னவள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பெயர் சளி. "சளி வந்தாச்சா?", "சளிக்கு இன்னிக்கு லீவு", "சளி ரொம்ப நாளா விட மாட்டேங்குது" என்று அந்தக் கட்டடத்தில் தினமும் நடக்கும் பேச்சு வெளியாள் காதில் விழுந்தால் அதை மருத்துவமனை என்றே நினைப்பான். அவள் அம்மா தெருவில் விசாரிப்பவர்களிடம் "கடல்ல டாக்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதை நம்பி ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுக்கொண்டு வந்ததும் உண்டு.

பவளத்தைத் தாக்கும் ஒரு கிருமி இருந்தது. அது பட்ட இடத்தில் பவளத்தின் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கு வில்லன் என்று பெயர். சளிக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களில் வில்லனைக் கொல்லும் ஒன்று, ஒரே ஒன்று கிடைத்தால் போதும். நான்கு வருடமாகக் கிடைக்கவில்லை. சின்னவளின் சோதனைப் பவளங்கள் மூன்றாம் தொட்டியில் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன.

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடத்துக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"வர்ற வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் பார்ப்போம். எதுவும் கிடைக்கலன்னா மூணாம் தொட்டி பஞ்சுக்கு. நீயும் பஞ்சுக்கு."

பஞ்சு என்பது பஞ்சு சார். கடற்பஞ்சை ஆராய்பவர். தொட்டி கைமாறினால் சின்னவள் அவருக்குக் கீழே உட்கார்ந்து கடற்பஞ்சின் ஓட்டைகளை எண்ண வேண்டும். ஒரு பஞ்சுக்குச் சுமார் எட்டாயிரம் ஓட்டை. பஞ்சு சார் கெட்டவர் இல்லை; ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் அளவுநாடாவோடு வந்து மூன்றாம் தொட்டியை அளந்துவிட்டுப் போனார். தொட்டி முந்தின நாளைவிட வளர்ந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"ஏம்மா சளி, இந்தப் பம்பு தொட்டியோடதா, உன்னோடதா?"

"என்னோடது சார். என் கூடவே எரிக்கச் சொல்லியிருக்கேன்."

போதாக்குறைக்கு, தொட்டியருகில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு பிசகியது. கட்டுப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடல் அமைதியாக இருந்ததால் மூழ்காளன் இறங்கி, முப்பத்தாறு பவளங்களின் சளியை ஊசியில்லாத சிரிஞ்சுகளில் உறிஞ்சிக்கொண்டு வந்தான். தரையில் நடக்கும்போதும் துடுப்பு மாட்டியவன் போலவே நடப்பதால் அவனுக்குத் தவளை என்று பெயர். சளி அன்றைக்கே கிருமி வளர்க்கும் மூடிபோட்ட தட்டில் ஏறியாக வேண்டும், மறுநாளைக்குத் தாங்காது. தவளையும் போய்விட்டான், கட்டடத்தில் யாரும் இல்லை. கம்பியால் தட்டில் சளியைத் தேய்ப்பது இடது கையாலும் நடக்கும். நாற்பது தட்டுகளில் பெயர் எழுதுவது நடக்காது.

அவள் அக்காவுக்கு ஃபோன் செய்தாள். அக்கா புருஷனை அனுப்பினாள்.

அத்தானுக்குத் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. கடைப்பெயர், வண்டி எண், "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" எல்லாமே அவர் கையில் அழகாக வரும். சுவரை அசிங்கம் செய்ய வந்தவன் எழுத்தைப் பார்த்து ரசித்துவிட்டுச் செய்வான் என்று அக்கா சொல்வாள். அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெல்லிய மார்க்கரால் "பவளம் 1", "பவளம் 2" என்று முப்பத்தாறு வரை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் சின்னதாக ஓர் அலை வரைந்தார். மிச்சம் நான்கில் "வெறும் காற்று" என்று எழுதினார். அந்த நான்கும் சரிபார்ப்புக்கு. சளி எதுவும் வைக்காமல் கால் மணி நேரம் மேஜையில் திறந்து வைப்பார்கள். அதில் ஏதாவது முளைத்தால் அது அறையின் காற்றிலிருந்து விழுந்தது, பவளத்திலிருந்து வந்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாத் தட்டிலும் முதலில் வில்லன், முப்பத்தாறில் அதன் மேல் சளி. இரண்டு நாளில் வில்லன் பனிமூட்டம் மாதிரி வெள்ளையாகப் படரும். எங்காவது வட்டமாகக் கண்ணாடி போல ஒரு வெற்றிடம் தெரிந்தால், அதன் நடுவில் இருப்பவன் கதாநாயகன்.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. சேர்ந்த முதல் நாளே மேடம் அதைச் சொல்லிவிடுவாள்: "தட்டுக்குப் பேரு அடியில எழுது. மூடியில எழுதாத. மூடியில எழுதுறது தலையெழுத்து, எப்ப வேணா மாறும். அடியெழுத்து மாறாது." காரணம் எளிது. மூடி கழன்று வேறு தட்டுக்குப் போகலாம். அடி எங்கும் போகாது. நீர் சொட்டாமலிருக்கத் தட்டைக் கவிழ்த்துதான் வைப்பார்கள் என்பதால் அடியில் எழுதியதுதான் மேலே தெரியவும் தெரியும்.

இதை அத்தானிடம் சொல்லச் சின்னவள் மறந்துபோனாள். நாற்பதாவது தட்டு முடிந்த பிறகுதான் பார்த்தாள். நாற்பது எழுத்தும் மூடியில்.

"அத்தான், அடியில எழுதணும்."

"பேரை எவனாவது அடியில எழுதுவானா? கடைக்குப் பேரு வாசல்லதான வைக்கிறான், பின்பக்கமா வைக்கிறான்?"

அழிக்கலாம். ஆனால் மணி நான்கு, கை விண்விண்ணென்று தெறிக்கிறது, எழுத்தோ அவ்வளவு அழகு. மூடி எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள். சோம்பேறித்தனம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

புதன்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்து ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் பிடித்தாள். பனிமூட்டம். பனிமூட்டம். பதினாறு தட்டும் பனிமூட்டம். பதினேழாவதில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். துடைத்துவிட்ட மாதிரி தெளிவு. நடுவில் கடுகளவு ஒரு வெளிர்மஞ்சள் பொட்டு.

அவள் கத்தவில்லை. தட்டை மேஜையில் வைத்தாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி பார்த்தாள். இருந்தது. அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடினாள். ஆய்வகத்தில் ஓடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். எதிரே அளவுநாடாவோடு வந்த பஞ்சு சார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தவளை, என்ன ஏது என்று கேட்காமலே, பின்னால் தப்தப்பென்று ஓடிவந்தான்.

மேடம் தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். பிறகு சிரித்தாள். மேடம் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் ஆவி விடுகிற மாதிரி முதலில் ஒரு சீறல், அப்புறம் உடம்பு குலுங்கல். பக்கத்து அறைக்காரர்கள் இயந்திரத்தை அணைக்க ஓடிவந்தார்கள்.

"பஞ்சு, நாடாவை மடிச்சு வை," என்றாள் மேடம்.

சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தவளையைப் பிடித்து இழுத்து ஒரு சுற்று ஆடினாள். அவன் தண்ணீருக்குள் ஆடுவது போல மெதுவாக ஆடினான். தட்டில் இருந்தது அத்தான் எழுத்தாயிற்றே, அவருக்கு முதலில் சொல்வோம் என்று ஃபோன் போட்டாள்.

"அத்தான், பதினேழு ஜெயிச்சிருச்சு. உங்க கை ராசி."

"அப்படியா? சந்தோஷம் போ. நல்லவேளை நான் மூடியெல்லாம் தொடச்சு வச்சேன்."

"என்ன தொடச்சீங்க?"

"மூடியைத்தான். உள்பக்கம் ஆவி படிஞ்சு எழுத்தே மங்கலாத் தெரிஞ்சுது. எனக்கு எழுத்து மங்கினா பொறுக்காது. நீ எல்லாத் தட்டும் தேய்ச்சு முடிச்சுட்டுக் கம்பி கழுவப் போனல்ல, அப்ப நாப்பது மூடியையும் கழட்டித் தொடச்சுத் திருப்பி மாட்டிட்டேன்."

"எது எதுல மாட்டினீங்க?"

"வரிசையாத்தான் மாட்டினேன்."

"எந்த வரிசை?"

எதிர்முனையில் மூக்குறிஞ்சும் சத்தம். "எழுத்து வரிசைதான்னு நினைக்கிறேன். தட்டெல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானம்மா இருந்துச்சு. எதை எதுல போட்டா என்ன?"

சின்னவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அப்படியானால் அந்த வட்டம் பதினேழாவது பவளத்தினுடையது என்று சொல்ல முடியாது. முப்பத்தாறில் எதுவாகவும் இருக்கலாம். நான்கு வெறும் காற்றுகளில் ஒன்றாகவும் இருக்கலாம். அந்தக் காற்றில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூக்குறிஞ்சிக்கொண்டு இருந்தது யார்?

"அத்தான், தட்டு திறந்திருந்தப்ப தும்மினீங்களா?"

"சே, தட்டு மேல தும்முவனா? இந்தப் பக்கம் திரும்பி கர்ச்சீப்லதான் தும்மினேன்."

"மூடியை எந்தத் துணியால தொடச்சீங்க?"

"கர்ச்சீப்தான்," என்றார் அத்தான். "சுத்தமானது. காலையிலதான் எடுத்தேன்."

அவள் ஃபோனை வைத்தாள். நான்கு வருட உழைப்பின் பலன் பவளத்தின் சளியிலிருந்து வந்ததா, அத்தானின் சளியிலிருந்து வந்ததா என்பது இப்போது கேள்வி. எது வந்தாலும் சளி என்ற பெயர் அவளை விடப்போவதில்லை. எது வந்தது என்பதில்தான் தொட்டி இருந்தது.

மேடத்திடம் மறைக்கலாமா என்று கழிவறையில் நின்று ஐந்து நிமிடம் யோசித்தாள். பிறகு போய்ச் சொன்னாள். மேடம் தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒண்ணும் இல்ல." மேடம் அந்த இரண்டு சொல்லையும் பத்திரமாக மேஜையில் வைப்பது போலச் சொன்னாள். "வெளி ஆளை உள்ள விட்டது ஒரு தப்பு. மூடியில எழுத விட்டது ஒரு தப்பு. ரெண்டுக்கும் அப்புறம் திட்டுறேன், இப்ப நேரமில்ல. மூக்கா, கடலா? வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்குள்ள சொல்லு."

கண்டுபிடிக்க வழி இருந்தது. கடலில் பிறந்த கிருமிக்குப் பெரும்பாலும் உப்பு வேண்டும். உப்பில்லாத தட்டில் அது முளைக்காது. மூக்கில் பிறந்ததற்கு உப்பிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எங்கே போட்டாலும் தழைக்கும். சுருக்கமாகச் சொன்னால், சோற்றில் உப்புப் போட்டுத் தின்னும் ரோஷக்காரனா, ரோஷமில்லாதவனா என்று பார்த்தால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க அத்தானின் மூக்கிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்.

அத்தான் அன்று ஒரு பல் மருத்துவர் வாசலில், ஏணி மேல் நின்று பெரிய கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். சின்னவள் பஞ்சு சுற்றிய குச்சியோடு ஏணியில் மூன்று படி ஏறினாள்.

"தலையை மேல தூக்குங்க."

"இங்கேயா? நாலு பேர் பார்க்கறாங்க."

"பல் டாக்டர் வாசல்ல மூக்கைக் காட்டினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. தூக்குங்க."

குச்சி உள்ளே போனதும் அவர் கண்ணில் நீர் முட்டியது. "என்னதான் தேடுற உள்ள?"

"கடல."

"கடலையா? ஒண்ணாப்பு படிக்கறப்ப ஒரு தடவை போட்டுக்கிட்டேன். எங்கம்மா அன்னிக்கே எடுத்துட்டாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அத்தான் ஒரு கையால் பல்லைப் பிடித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று முழுக்கச் சொன்னதும் அவர் முகம் மாறியது. வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தூரிகையைக் கீழே வைத்து, தோளை நிமிர்த்தினார்.

"அப்ப என் மூக்கு பவளத்தைக் காப்பாத்தலாம்னு சொல்ற."

"காப்பாத்தினா என் வேலை போயிடும் அத்தான்."

"அது சரி. ஆனா காப்பாத்தலாம்."

சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள். "ஏய், இவர் மூக்குல ஏதோ மருந்து இருக்காமே? கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருக்காரு. பதினோரு வருஷமா அது குறட்டை விடறதுக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன்."

சின்னவள் ஆறு தட்டுகள் போட்டாள். வட்டம் போட்ட கிருமி, உப்போடு ஒன்று, உப்பில்லாமல் ஒன்று. மூக்குக் கிருமி, அதே மாதிரி இரண்டு. வில்லனோடு மோதவிட்டுப் பார்க்க ஆளுக்கொன்று. ஆறிலும் இடது கையால், கோணல்மாணலாக, அடியில் எழுதினாள். எழுதி முடித்துத் திருப்பிப் பார்த்தாள்; மறுபடி திருப்பிப் பார்த்தாள். வியாழக்கிழமை முழுவதும் அவளை இன்குபேட்டர் பக்கமே விடவில்லை தவளை. கதவைச் சும்மா சும்மா திறந்தால் சூடு குறையும் என்று அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். பஞ்சு சார் நாடாவை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்; நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அத்தான் சலவைச் சட்டையில், முகச்சவரம் செய்து, ஜலதோஷம் தீர்ந்த மூக்கோடு வந்து சேர்ந்தார். மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் மூக்கா?"

"ஆமாங்க," என்றார் பணிவாக.

"ஓரமா நில்லுங்க. எதையும் தொடைக்காதீங்க."

முதலில் மூக்குத் தட்டுகள். உப்பிருந்ததிலும் பொன்னிறப் பொட்டுகள், இல்லாததிலும் பொன்னிறப் பொட்டுகள். ஓஹோவென்று வளர்ந்திருந்தது. "நல்லா இருக்கு இல்ல?" என்றார் அத்தான். மேடம் அவற்றை ஓரமாகத் தள்ளினாள். அடுத்து வட்டக் கிருமி, உப்போடு. வெளிர்மஞ்சள் கோடாக நன்றாக முளைத்திருந்தது. அதில் ஒன்றும் தீரவில்லை. அது கடலாக இருந்தாலும் முளைக்கும், மூக்காக இருந்தாலும் முளைக்கும்.

கடைசியாக உப்பில்லாத தட்டு. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, மூடியபடியே வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கண்ணைத் தொற," என்றாள் மேடம்.

நடுவில் ஒரு பொட்டு பளபளத்தது.

பஞ்சு சாரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எட்டாயிரம் ஓட்டைகளும் அவள் கண்முன் வரிசையில் வந்து நின்றன. மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தட்டின் மேல் குனிந்தாள். தட்டை லேசாகச் சாய்த்தாள். பொட்டு நகர்ந்தது. இன்னும் சாய்த்தாள். பொட்டு வழுக்கிக்கொண்டு விளிம்புக்குப் போய், உடைந்து, இரண்டாகியது.

"தண்ணி," என்றாள் மேடம். "துளி."

தட்டு காலி. ஒரு புள்ளி கூட இல்லை. கடலில் பிறந்தது உப்பில்லாமல் பட்டினி கிடந்து செத்திருந்தது.

சின்னவள் அந்தத் தட்டைக் கழிவு வாளியில் போட்டாள். நான்கு வருடமாக அதில் எத்தனையோ போட்டிருக்கிறாள். சந்தோஷமாகப் போட்டது இதுதான் முதல். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே," என்று தவளை ராகம் போட்டான். அவள் அவனை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். இந்த முறை பஞ்சு சாரும் நடுவில் மாட்டிக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றினார். அவர் நாடா அவிழ்ந்து மூவர் காலிலும் சிக்கியது. மேடத்துக்குள்ளிருந்து ஆவி சீறியது.

மிச்சமிருந்த இரண்டு தட்டையும் பார்த்தார்கள். வட்டக் கிருமி வில்லன் நடுவே மறுபடி அதே வட்டம் போட்டிருந்தது. மூக்குக் கிருமியை வில்லன் மதிக்கக்கூட இல்லை. மேலேயே ஏறிப் படர்ந்திருந்தான்.

அத்தான் அதை வெகுநேரம் பார்த்தார். "கொஞ்சம் கூடவா எதிர்க்கல?"

"உங்களுது ரொம்ப சாதாரண மூக்குங்க," என்றாள் மேடம். அவளுக்கு ஆறுதல் சொல்ல வராது, வந்தவரைக்கும் அதுதான்.

பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள். "கிருமி கடலோடதுதான். ஒத்துக்கறேன். எந்தப் பவளத்தோடது?"

"தெரியாது மேடம். முப்பத்தாறுல ஒண்ணு."

"தெரிஞ்சிருக்கணும். எது மேல குடியிருக்குன்னு தெரியாம இதை வச்சு என்ன பண்ணுவ? தட்டுல ஜெயிக்கிறவன் எல்லாம் கடல்ல ஜெயிக்க மாட்டான். மூணு மாசம் தர்றேன். தொட்டி உனக்கு. முப்பத்தாறையும் மறுபடி எடு, மறுபடி தேய்."

தவளை ஆட்டத்தை நிறுத்தினான். "முப்பத்தாறையுமா மேடம்? திரும்ப நானா இறங்கணும்?"

"அவ அத்தானை இறக்கச் சொல்றியா?"

அத்தான் அவசரமாக ஓரத்துக்கு நகர்ந்தார். தவளை அவரை, இடம் மாறிப்போன ஒரு மூடியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

எல்லோரும் கலைந்த பிறகும் அத்தான் போகவில்லை. மூக்கு கைவிட்டுவிட்டது, கையாவது ஏதாவது செய்யட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடத்தின் அறை வாசலில் நின்றார். "மேடம், அந்த மூணாம் தொட்டிக்கு நான் ஒரு பேரு எழுதிக் கொடுக்கட்டா? சும்மாதான். அலை எல்லாம் போட்டு."

மேடம் காகிதத்திலிருந்து நிமிராமல் சொன்னாள்: "எழுதுங்க. சட்டம் தெரியுமில்ல?"

சின்னவள் தொட்டியறைக்குத் திரும்பி வந்தபோது இரும்புத் தாங்கிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அத்தான் ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, சலவைச் சட்டையெல்லாம் உப்புத் தண்ணீராக, தொட்டியின் அடிக்கண்ணாடியில் தலைக்கு மேல் கை தூக்கி எழுதிக்கொண்டிருந்தார். மேலே வெளுத்த பவளங்களுக்கு நடுவே வெளுக்காத பவளங்கள் கொஞ்சம் நின்றன.

"எவன் குனிஞ்சு படிக்கப் போறான் இதை?" என்றது தொட்டிக்கடியிலிருந்து ஒரு குரல்.

"படிக்க வேணாம் அத்தான். மாறாம இருந்தா போதும்."

"அப்ப கொஞ்சம் லைட்டைப் பிடி. 'ளி'க்குச் சுழி சரியா வர மாட்டேங்குது."

அவள் விளக்கைக் கட்டுப்போட்ட கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே தரையில் படுத்தாள். முதுகு நனைந்தது. தலைக்கு மேலே, தண்ணீருக்கு அடியில், சுழி சுற்றி முடிந்தது.